கடைமடைக் குளம்

தஞ்சாவூர் ஜில்லா என்று சொன்ன மாத்திரத்தில் வாசகர்களுடைய மனக்கண் முன் எழும் காட்சி எனக்குத் தெரியும். இரு கரையும் தொட்டு ஓடும் காவிரி, படித்துறை, அரச மரத்தடிப் பிள்ளையார், கொல்லையில் வாழை, கொடிக்காலில் வெற்றிலை, தூரத்தில் எங்கோ நாகஸ்வரம். கதை எழுதுகிற எங்கள் கூட்டம் இந்தக் காட்சியை எத்தனையோ வருஷங்களாகத் திருப்பித் திருப்பி எழுதிப் பிழைத்து வருகிறது. காட்சியில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அது ஜில்லாவின் வடபாதி மட்டுமே. தஞ்சைக்குத் தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று கடற்கரை வரையில் விரிந்து கிடக்கிற தென்பாதிப் பக்கம் நாவலாசிரியர்கள் அதிகம் போவதில்லை.

அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே வித்தியாசம் புரிந்துவிடும். வடக்கே நல்லூர் என்றும் மங்கலம் என்றும் குடி என்றும் துறை என்றும் பெயர்கள் முடியும். ஆயிரம் வருஷத்து நெல்லும் நீரும் அந்தப் பெயர்களில் இருக்கின்றன. தெற்கே போனால் ஒட்டங்காடு, குருவிக்கரம்பை, செருவாவிடுதி, பாட்டுக்காரர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பிறந்த செங்கப்படுத்தான்காடு. காடு என்றால் காடுதான். கரம்பை என்றால் ஏர் படாத தரிசு. பெயர் வைத்தவர்கள் ஒளிவு மறைவு இல்லாத மனிதர்கள். பேராவூரணியின் பெயரிலே மட்டும் ஓர் ஊரணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் அருமையான இடத்தில்தான் தண்ணீரின் பெயரை ஊருக்கு வைப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

இந்தப் பிரதேசத்துக்கு இன்று வழங்கும் இன்னொரு பெயர் கடைமடை. வாய்க்காலில் முதல் மடைக்காரன் வயலுக்குப் பாய்ச்சிக்கொண்ட பிறகு, அடுத்தவன், அதற்கடுத்தவன் என்று போய், எல்லாரும் கை கழுவிய பிறகு மிச்சம் உண்டானால் வந்து சேருகிற இடம். பந்தியில் கடைசியில் உட்கார்ந்தவனுக்கு ரசம் வருமா, வெறும் இலைதானா என்பது பரிசாரகர்களின் தயவைப் பொறுத்தது அல்லவா? கடைமடைக்காரன் பிழைப்பும் அப்படித்தான்.

ஆனால் இந்தப் பூமி ஆதியில் கடைமடையாக இருக்கவில்லை. இதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். காவிரிப் பந்தியிலே இதற்கு இலையே போட்டதில்லை. ஆகையால் கடைசி இலை என்ற பேச்சும் இல்லை. மழை பெய்தால் ஏரியில் நிற்கும், ஏரியில் நின்றால் வயலில் பாயும், இல்லாவிட்டால் மானாவாரிதான். ஏரிக்கும் குளத்துக்கும் ஊரார்தான் எஜமானர்கள். கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய் வண்டல் எடுப்பார்கள். எடுத்த வண்டல் வயலுக்கு எருவாகும். கரை உயரும், குளம் ஆழப்படும். குடிமராமத்து என்று இதற்குப் பெயர். உத்தரமேரூர்க் கல்வெட்டில், 919, 921-ஆம் வருஷங்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஏரி வாரியம் என்று ஒரு குழுவைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வரலாற்றைப் பள்ளிக்கூடத்தில் நாமெல்லாம் நெட்டுருப் போட்டிருக்கிறோம். ஏரியைப் பராமரிப்பது அவ்வளவு பெரிய காரியமாகக் கருதப்பட்டது.

இங்கிலீஷ்காரர் காலத்தில் இந்த ஏற்பாடு தளர்ந்தது. தளர்ந்ததைச் சட்டம் போட்டுத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். 1858-ஆம் வருஷத்து முதலாவது சட்டம், சென்னை ராஜதானியில் ஏரி, வாய்க்கால் கரைகளைக் காக்க ஜனங்களைக் கட்டாயமாக வேலை வாங்கலாம் என்றது. தன் குளத்துக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தவனைப் பார்த்து, "போகாவிட்டால் தண்டனை" என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? குளம் நம்முடையதல்ல, சர்க்காருடையது என்று நினைப்பான். நினைத்தான்.

பிறகு வந்தது பெரிய பாக்கியம். 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளத்தைக் கண்ட தலைமுறை, அதே வெள்ளத்தைத் தேக்கி வைக்கும் அணையையும் கண்டது. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது. அதோடு சேர்த்து, கல்லணையிலிருந்து தெற்கே ஒரு புதிய கால்வாய் வெட்டினார்கள். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் கல்லணைக் கால்வாய். ஜனங்கள் வாயில் புது ஆறு. தஞ்சைப் பெரிய கோவிலின் அருகாகச் சென்று, அதுவரை காவிரியைக் கண்டறியாத ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமெல்லாம் ஓடி, சுமார் 148 கிலோமீட்டர் கடந்து புதுக்கோட்டை எல்லையில் மும்பாலையில் முடிகிறது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். வழியிலுள்ள நூற்றுக்கணக்கான ஏரிகளுக்கும் இதிலிருந்தே தண்ணீர். காட்டுக்கும் கரம்பைக்கும் காவிரி வந்துவிட்டது. முதல் தடவை அந்தத் தண்ணீரைப் பார்த்த கிழவர்கள் கும்பிட்டிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்றைக்கு இந்தப் பூமி கடைமடை ஆயிற்று. தண்ணீர் தானாக வரும்போது வண்டல் எடுக்க எவன் போவான்? ஏரி இரண்டாம் பட்சமாயிற்று. கால்வாயோ மேட்டூரை நம்பியது. மேட்டூர் குடகு மழையையும், இரண்டு ராஜ்யங்களின் வழக்கையும் நம்பியது. 1990-இல் நடுவர் மன்றம், 1991-இல் இடைக்காலத் தீர்ப்பு, 2007-இல் இறுதித் தீர்ப்பு என்று வழக்கு வளர்ந்தது. ஜூன் மாதம் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது சம்பிரதாயம். 2012 முதல் 2019 வரையில் ஒரு வருஷங்கூட அந்தத் தேதிக்குத் திறக்கவில்லை. திறந்தபோதும் கடைசி மடைக்கு எப்போது வந்தது, வந்ததா என்பது வேறு கேள்வி.

புத்திசாலியான விவசாயி என்ன செய்வான்? நெல்லைக் குறைத்துத் தென்னை வைத்தான். ஆழ்குழாய்க் கிணறு போட்டான். தென்னை நல்ல மரம். வருஷம் முழுவதும் காய் தரும், பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தோப்பைக் காட்டிக் கடன் வாங்கலாம். பேராவூரணிப் பக்கத்தில் எங்கே திரும்பினாலும் தென்னையாயிற்று. ஏரியிலே சீமைக் கருவேலும் காட்டாமணக்கும் முளைத்தன. கரையோரத்து நிலத்தைச் சிலர் தங்கள் வயலோடு சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் படித்துவிட்டுச் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். யாரும் யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வொருவரும் செய்தது நியாயமான காரியந்தான்; எல்லாம் சேர்ந்துதான் குளத்தை மூடிற்று.

இப்படியிருக்கையில் 2018-ஆம் வருஷம் பிறந்தது. பிப்ரவரி 16-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு காவிரி வழக்கில் தீர்ப்புச் சொல்லி, தமிழ்நாட்டின் பங்கை 177.25 டி.எம்.சி. என்று வகுத்தது. ஜூலையிலே குடகில் பேய்மழை. மேட்டூர் நிரம்பி 120 அடியைத் தொட்டது. உபரி நீர் கொள்ளிடத்தில் பெருக்கெடுத்துக் கடலுக்குப் போயிற்று. ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. அணை உடைகிற அளவுக்கு ஆற்றில் தண்ணீர். அதே சமயம் தண்ணீர் வரவில்லை என்று கடைமடையில் மறியல். நான் ஒரு நாவலில் இவ்வளவையும் ஒரே வருஷத்துக்குள் அடுக்கியிருந்தால், பத்திரிகாசிரியர் சிவப்புப் பென்சிலை எடுத்திருப்பார். சரித்திரத்துக்குப் பத்திரிகாசிரியர் கிடையாது. ஆகையால் நவம்பரில் புயலும் வந்தது.

புயலுக்குக் கஜா என்று பெயர். இலங்கை கொடுத்த பெயர். யானை என்று அர்த்தம். நவம்பர் 15-ஆம் தேதி நள்ளிரவு கழிந்து, 16-ஆம் தேதி விடிவதற்குள், நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் காற்று. சாதாரணமாகப் புயல் கரை ஏறியதும் களைத்துவிடும். இது களைக்காமல் திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மேற்கே நடந்து, மலையைத் தாண்டி அரபிக் கடலுக்கே போய்விட்டது. யானை என்று சரியாகத்தான் பெயர் வைத்தார்கள்.

இந்தக் கடற்கரை புயலுக்குப் புதிதல்ல. 1952-இல் ஒன்று நாகப்பட்டினத்தைத் தாக்கியது. 1955 டிசம்பர் தொடக்கத்தில் ஒன்று அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்து ராஜாமடத்தில் கரை ஏறிற்று. புயலுக்குப் பெயர் வைக்கும் வழக்கம் அன்று நம் பக்கம் இல்லை. பெயரில்லாத அந்தப் புயல் கடலை ஊருக்குள் கொண்டுவந்து சுமார் ஐந்நூறு பேரைக் கொண்டு போயிற்று. 1977-இலும் நாகையில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 2004-இல் சுனாமி, நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் உயிர். அவற்றோடு பார்த்தால் கஜாவில் உயிர்ச்சேதம் குறைவு என்றே சொல்ல வேண்டும்; தமிழ்நாடு முழுவதிலும் நூறு பேருக்குள். முன்கூட்டியே எச்சரித்து, ஜனங்களை முகாம்களுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அந்தப் பெருமையைச் சர்க்காருக்குக் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் பொழுது விடிந்து வெளியே வந்தவர்கள் கண்டது என்ன? தோப்புகள் படுத்துக் கிடந்தன. சில மரங்கள் வேரோடு. சில மரங்கள் நடுவில் முறிந்து. சில மரங்கள் குருத்து திருகப்பட்டு நின்றபடியே செத்திருந்தன. விழுந்த தென்னையை லட்சக் கணக்கில் எண்ணினார்கள். மின்சாரக் கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. சில கிராமங்களுக்கு வாரக் கணக்கில் விளக்கில்லை. அப்பனும் பாட்டனும் வைத்த மரங்களை ஒரே இரவில் இழந்தவர்கள், சாவு வீட்டில் உட்காருவதுபோல் தோப்பில் உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கார் மரத்துக்கு 600 ரூபாய் நஷ்ட ஈடும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கு. நெட்டை ரகத் தென்னை காய்க்கத் தொடங்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். பிறகு அறுபது வருஷம் காய்க்கும். ஆயிரத்து நூறு ரூபாய் எந்தக் கணக்குக்கு ஈடு என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்த ஈடும் மரத்துக்குச் சொந்தக்காரனுக்குத்தான். மரம் ஏறுகிறவனுக்கும், மட்டை முடைகிற பெண்ணுக்கும், நார் உரிக்கிற கூலிக்கும் மரம் சொந்தமில்லை. ஆனால் பிழைப்பு அந்த மரத்தில்தான் இருந்தது. அவர்களுடைய நஷ்டத்துக்குப் படிவம் அச்சாகவில்லை.

அந்தச் சமயத்தில் பேராவூரணிக்குப் பக்கத்தில் நாடியம் என்ற கிராமத்தில், விடுமுறைக்கு வந்திருந்தார் ஓர் இளைஞர். நிமல் ராகவன் என்று பெயர். துபாயில் கம்ப்யூட்டர் என்ஜினீயர் உத்தியோகம். வீட்டாரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியவர். புயல் அவரையும் ஊரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தார்: சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு அரிசி, துணி, மருந்து, தார்ப்பாய் என்று கிராமம் கிராமமாகக் கொண்டு போய்ச் சேர்த்தார். டெல்டா மீண்டெழ வேண்டும் என்று கைப்பேசி வழியாக உலகத்துக்குக் கூப்பாடு போட்டார்கள். உலகத்தின் பல மூலைகளில் பட்டுக்கோட்டைக்காரரும் பேராவூரணிக்காரரும் இருந்ததனால் கூப்பாடு வீண் போகவில்லை. லீவு முடிந்தது. அவர் விமானம் ஏறவில்லை, உத்தியோகத்தை விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் கதையை முடித்துவிட்டால் பத்திரிகைச் செய்திக்குப் போதும். வேலையை விட்ட வாலிபன், நல்ல தலைப்பு. ஆனால் விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. நிவாரணம் கொடுத்துக்கொண்டு தோப்பு தோப்பாகப் போன இளைஞர்களிடம் விவசாயிகள் பேசிய பேச்சு, புயலைப் பற்றி ஆரம்பித்துத் தண்ணீரில் போய் முடிந்தது. தென்னம்பிள்ளையை மறுபடியும் வைக்கலாம். எந்தத் தண்ணீரை ஊற்றுவது? ஆழ்குழாய்க் கிணறு வருஷத்துக்கு வருஷம் ஆழம் போய்க்கொண்டிருந்தது. கால்வாய் வரும், வராது. ஏரி இருந்தது, ஏரியில் ஏரி இல்லை. புயல் கொண்டுபோனது மரத்தை. தண்ணீர், புயல் வருவதற்கு வெகு நாள் முன்னாலேயே போய்விட்டிருந்தது. சாய்ந்த மரங்கள் மறைத்துக்கொண்டிருந்த இந்த விஷயம், மரங்கள் விழுந்த பிறகு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

ஆகவே 2019-இல் அந்த வட்டாரத்து இளைஞர்களும் விவசாயிகளும் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் என்பது அதன் நீண்ட பெயர். இங்கிலீஷ் எழுத்துக்களைக் கோத்துச் சுருக்கி, கைஃபா என்று கூப்பிடுகிறார்கள். கடைமடை என்பதை வெட்கப்படாமல் பெயரிலே வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. முதல் காரியமாக அவர்கள் கை வைத்தது பேராவூரணிப் பெரியகுளத்தில். தேனிப் பக்கத்துப் பெரியகுளம் என்று நினைத்துவிடக் கூடாது. இது ஊரை ஒட்டிய ஏரி, 564 ஏக்கர். முதல் முயற்சிக்கு யாராவது கோவில் குளம், அல்லிக் குளம் என்று சின்னதாகப் பார்த்து எடுப்பார்கள். இவர்களுக்கு அனுபவம் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

ஓர் ஏரியைச் சீர்ப்படுத்துவது என்றால் என்ன என்று பட்டணத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பள்ளம் தோண்டுவது மட்டுமல்ல. முதலில் அனுமதி. நூறு ஏக்கருக்கு மேல் பாய்கிற ஏரி 2021 வரையில் பொதுப்பணித் துறையைச் சேர்ந்திருந்தது. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். பிறகு நில அளவை. ஏரி எங்கே முடிகிறது, வயல் எங்கே ஆரம்பிக்கிறது என்பதைச் சங்கிலி பிடித்துக் காட்டியாக வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் பல நல்ல முயற்சிகள் அடிதடியில் முடிகின்றன. ஆக்கிரமித்தவன் அயலான் அல்ல. மாமன், பங்காளி, நேற்று நிவாரண அரிசியை இறக்க உதவியவன். கோர்ட்டுக்குப் போனால் ஏரி இருபது வருஷம் காத்திருக்கும். உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். அப்புறம் கருவேலை வேரோடு பறிப்பது. வெறுமே வெட்டினால் மறு மழைக்கு இரட்டிப்பாகத் துளிர்க்கும். பிறகு மண் எடுத்துக் கரையைப் பலப்படுத்துவது, மதகைப் பழுது பார்ப்பது, கலிங்கைச் சரி செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாக வரத்து வாய்க்காலைத் திறந்துவிடுவது. வாய்க்கால் தூர்ந்திருந்தால் ஏரியைப் பாதாளம் வரையில் தோண்டினாலும் பயன் இல்லை. வெறும் பள்ளந்தான் மிஞ்சும்.

இதற்கெல்லாம் பணம் விவசாயிகளிடமிருந்தும், கடல் கடந்து போன பிள்ளைகளிடமிருந்தும், முன்பின் தெரியாதவர்களிடமிருந்தும் வந்தது. மண்வெட்டிக்குப் பதில் மண் அள்ளும் யந்திரம். ஊர்க் கூட்டத்துக்குப் பதில் வாட்ஸ்அப். ஆள் அனுப்ப முடியாத வீடு டீசல் அனுப்பியது. பழைய குடிமராமத்து வேறு உடை போட்டுக்கொண்டு வந்தது என்று சொல்லலாம். 2017 முதல் சர்க்காரும் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் நடத்தியது. ஆனால் சர்க்கார் திட்டத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை, கல்யாணச் சாப்பாட்டுக்கும் ஓட்டல் சாப்பாட்டுக்கும் உள்ள வேற்றுமை. ஏரியின் நடுவே எடுத்த மண்ணைத் திட்டுக்களாகக் குவித்து மரக்கன்று நட்டார்கள், பறவைகளுக்கு. வேலை கோடையில் தொடங்கி மாதக் கணக்கில் நடந்தது. அந்த வருஷம் மேட்டூரை ஆகஸ்டு 13-ஆம் தேதிதான் திறந்தார்கள். வாய்க்கால் தண்ணீரும், ஐப்பசி கார்த்திகை மழையும் வந்தபோது, பெரியகுளத்தில் தண்ணீர் நின்றது. புயல் அடித்த நாளின் ஆண்டு நிறைவு அந்த நவம்பரில் வந்தது.

இந்தக் கதையைக் கேட்கும்போது எனக்கு ஜப்பானிலே ஹிரோ என்ற கடற்கரைக் கிராமம் நினைவுக்கு வருகிறது. 1854-இல் அங்கே பூகம்பமும் பேரலையும் வந்தன. ஹமாகுச்சி கோர்யோ என்ற சோயாக் குழம்பு வியாபாரி, இருட்டில் தடுமாறிய ஜனங்களுக்கு வழி தெரிவதற்காக வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார். லாஃப்காடியோ ஹெர்ன் என்ற எழுத்தாளர் இதைக் கதையாக எழுதியபோது, அவரை மலை மேல் வீட்டில் இருக்கும் கிழவராக ஆக்கிவிட்டார். உண்மையில் அன்று அவருக்கு வயது முப்பத்து நாலு. கிழவராக்கியதைக்கூட மன்னித்துவிடலாம். கதை தீயோடு முடிந்துவிட்டதே, அதுதான் எனக்குக் குறை. ஏனென்றால் அலை வடிந்த பிறகுதான் ஹமாகுச்சி பெரிய காரியத்தைச் செய்தார். பயந்து ஊரை விட்டுப் போக நினைத்தவர்களுக்குத் தம் கைப்பணத்தில் கூலி கொடுத்து, சுமார் 600 மீட்டர் நீளத்துக்கு, ஐந்து மீட்டர் உயரத்துக்குக் கடலுக்கு எதிரே ஓர் அணைக்கரை எழுப்பினார். வீடு இழந்தவனுக்கு வேலை ஆயிற்று. ஊருக்கும் கரை ஆயிற்று. 1946-இல் மறுபடியும் பேரலை வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும் பகுதியைக் காப்பாற்றியது. கரை முடிந்த வருஷம் 1858. நம் ஊரில், கரைக்கு வராதவனைத் தண்டிக்கச் சட்டம் போட்டதும் அதே வருஷந்தான்.

தீயை எழுதுவது சுலபம், கரையை எழுதுவது கஷ்டம் என்பது எழுத்துக்காரர்களுக்குத் தெரியும். பேராவூரணியிலும் புயலிரவுக்குக் கிடைத்த பத்திரிகைப் பக்கங்கள் பெரியகுளத்துக்குக் கிடைக்கவில்லை. அப்படிக் கிடைத்த கொஞ்சத்திலும் ஒரே பெயர்தான் பெரும்பாலும் அச்சாயிற்று. கரையில் நின்ற மற்றவர்களின் பெயர் ஊருக்குத் தெரியும்.

பெரியகுளத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து எங்கள் ஏரிக்கும் வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஒன்று பத்தாயிற்று, பத்து வளர்ந்தது. நிமல் ராகவன் பிறகு மெகா ஃபவுண்டேஷன் என்று ஓர் அமைப்பு ஏற்படுத்தினார். இன்று அவர் கை வைத்த நீர்நிலைகள் நூற்றுக்கும் மேலே. தமிழ்நாட்டின் பல ஜில்லாக்களில், வேறு ராஜ்யங்களில், ஆப்பிரிக்காவில் கென்யா வரையில்.

பேராவூரணியிலே சிக்கல் தீர்ந்துவிடவில்லை. கால்வாய் இன்னும் மேட்டூரைப் பார்க்கிறது. மேட்டூர் இன்னும் குடகைப் பார்க்கிறது. மழை இல்லாத வருஷத்தில் எவ்வளவு நல்ல ஏரியும் வெறும் மைதானந்தான். பறித்த கருவேல், பார்வை சற்று அயர்ந்தால் திரும்ப முளைக்கிறது. வருஷா வருஷம் போக வேண்டியிருக்கிறது. விழுந்த தோப்புகளில் ஜனங்கள் திரும்பவும் தென்னையையே வைத்தார்கள். 2019-இல் வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை தள்ளிக் காய்க்கின்றன. கஜா அடித்த இரவில் தென்னை சாய்ந்த இடங்களில் பனை நின்றதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதனால் ஏரிக் கரைகளில் இப்போது பனை விதை ஊன்றுகிறார்கள். பனை அவசரப்படாத மரம். முதல் நுங்குக்குப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும்.